வைத்ததை எடுக்கவும் முடிய வேண்டும்

ஆனி பிறந்துவிட்டால் நீலகிரியின் நடுவட்டத்தில் வெயிலைக் காண்பது அரிது. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர்ச் சரிவில் ஏறி வந்து மோதும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. மழை ஓய்ந்த வேளையிலும் மஞ்சு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். துணி காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும், சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்னால் பூஞ்சணம் பூக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு முருகன் படம் இருந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியபோது பாட்டி தகரப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த கண்ணாடி ஓவியம் அது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அதன் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டால் சாமி பளிச்சென்று தெரிவார் என்று நினைத்தேன். ஈரத்துணியில் முதலில் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். பதறிப்போய் நிறுத்தியபோது கண்ணாடியில் இரண்டு கண்களும் வேலின் விளிம்பும்தான் மிஞ்சியிருந்தன. பாட்டி திட்டவில்லை. சிறிது நேரம் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பலகையைத் திரும்ப மாட்டினார்.

கண்கள் மட்டும் ஏன் மிஞ்சின என்பது பல ஆண்டுகள் கழித்து, ஓவிய, சிற்பப் பாதுகாப்பியல் படிக்கப் போன இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கண்ணாடி ஓவியத்தைப் பின்பக்கத்தில், தலைகீழ் வரிசையில் தீட்டுவார்கள். கண்ணும் நகையும் கோடும் முதலில், மேனி நிறம் அடுத்து, பின்னணி கடைசியில். பின்னாலிருந்து துடைப்பவன் ஓவியர் கடைசியாக வைத்ததை முதலில் அழிக்கிறான். எங்கள் படத்தின் வண்ணங்கள் கோந்தில் குழைத்தவை. பூஞ்சணத்துக்குக் கோந்து உணவு. பிடிப்பை அது முன்பே தின்றுவிட்டிருந்தது, என் ஈரத்துணி மீதி வேலையை முடித்தது. அன்று அறியாமல் செய்ததற்கு இன்று என்னால் காரணம் சொல்ல முடிகிறது. செய்வதற்கு முன்பே அந்தக் காரணத்தை அறிந்துகொள்ளும் படிப்புதான் பாதுகாப்பியல்.

கைக்கு முன் கண்

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் தூரிகையையும் உளியையும் எதிர்பார்த்து வருகிறார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைப்பது விளக்கும் குறிப்பேடும்தான். ஓவியத்தின் மீது பக்கவாட்டில் தாழ்வாக ஒளி பாய்ச்சினால், நேர்ப்பார்வைக்குத் தெரியாத உப்பலும் வெடிப்பும் நிழலாக எழுந்து நிற்கும். புறஊதா ஒளியில் பழைய மெருகெண்ணெய் பசுமஞ்சளாக மின்னும், பிற்காலத்தில் பூசிய வண்ணம் கறுத்துத் தெரியும். அகச்சிவப்புக் கதிரில் அடியிலுள்ள கரிக்கோடு வெளிப்படும். பார்த்த ஒவ்வொன்றையும் எழுதி, படம் எடுத்து, வரைபடத்தில் குறித்த பிறகே பொருளைத் தொடலாம். வேதியியல், கலை வரலாறு, கைத்திறன் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் படிப்பு இது.

சுத்தம் செய்யும் வகுப்பில் நான் வியந்தது ஒன்றுண்டு. மூங்கில் குச்சி நுனியில் சிறிது பஞ்சைச் சுற்றி, அதை உமிழ்நீரில் நனைத்து, நெல்மணி அளவு இடத்தில் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. உமிழ்நீரில் உள்ள நொதிகள் பிசுக்கையும் அழுக்கையும் தளர்த்தும். அது அமிலமும் அல்ல, காரமும் அல்ல என்பதால் கெட்டியான வண்ணத்துக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. உருட்டிய பஞ்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அழுக்கு வந்தால் தொடரலாம், துளி நிறம் வந்தாலும் நிறுத்த வேண்டும். கையளவு இடத்துக்கு ஒரு முழுநாள் ஆகும். ஈரத்துணியால் ஒரே வீச்சில் துடைத்த சிறுவனுக்கு அந்தப் பஞ்சு நுனி கற்றுத் தந்ததுபோல வேறு எந்த நூலும் கற்றுத் தரவில்லை.

எழும்பூரில் பிறந்த துறை

இது மேலைநாட்டுப் படிப்பு, நமக்குப் புதிது என்று பலர் எண்ணுகிறார்கள். ரோமில் நடுவண் புதுப்பிப்புக் கழகம் தோன்றியது 1939-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1930-இல், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் பிறந்துவிட்டது. அதைக் கட்டி எழுப்பியவர் எஸ். பரமசிவன்.

மண்ணில் புதைந்து கிடந்து வெளிவரும் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு நோய் உண்டு. மண்ணின் உப்பு செம்போடு சேர்ந்து குளோரைடாகி உள்ளே பதுங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டதும் அதிலிருந்து அமிலம் பிறக்கும். அமிலம் மேலும் செம்பைத் தின்று மீண்டும் குளோரைடாகும். வெளிறிய பச்சைத் தூள் உதிர உதிர, திருமேனி உள்ளிருந்தே கரையும். பரமசிவன் மின்பகுப்பு முறையால் இதற்கு மருத்துவம் செய்தார். திருமேனியைக் காரக் கரைசலில் அமிழ்த்தி, எதிர்மின் முனையோடு இணைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், உள்ளே பதுங்கிய குளோரைடு வெளியேறும். எழும்பூரில் இன்று நாம் கண்டு கைகூப்பும் சோழர் செப்புத் திருமேனிகளின் நலத்துக்குப் பின்னால் அந்த ஆய்வுக்கூடத்தின் உழைப்பு இருக்கிறது.

அவரே தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணச் சாந்தையும் வண்ணங்களையும் 1930-களில் ஆராய்ந்தார். கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் கண்டவர் எஸ். கே. கோவிந்தசாமி. அங்கே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. அடியிலிருப்பதைக் காட்ட மேலிருப்பதை அழிக்கலாமா? நாயக்கர் ஓவியமும் நம்முடையதுதானே? பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் கண்ட வழி, இத்துறையில் இந்தியா பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கது. மேலடுக்கைப் பகுதி பகுதியாகச் சாந்தோடு பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தார்கள். இரு காலத்து ஓவியங்களும் பிழைத்தன.

மெருகு செய்த தீங்கு

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு அஜந்தா சான்று. ஐதராபாத் நிஜாம் அழைப்பில் இத்தாலிய வல்லுநர்களான செக்கோனியும் ஓர்சினியும் 1920-களின் தொடக்கத்தில் அங்கு வந்து, உதிர்ந்துகொண்டிருந்த ஓவியங்களைச் சுவரோடு நிறுத்தினார்கள். அந்த அளவில் அது பெரும் தொண்டு. ஆனால் மேலே பூசிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளாகிப் பழுப்பாகி, ஓவியங்களின் நிறத்தையே மறைத்தது. அதை நீக்கும் பணி இந்தியத் தொல்லியல் துறைக்குப் பல்லாண்டு வேலையாயிற்று. இன்று இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ளும் விதி இதுதான்: நீ வைப்பதை உனக்குப் பின் வருபவர் எடுக்க முடிய வேண்டும். பசையானாலும் மெருகானாலும் வண்ணமானாலும் மூலப்பொருளுக்குக் கேடில்லாமல் திரும்பப் பிரிந்து வர வேண்டும்.

இந்த விதியை உலகம் 20-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது. நம் கோயில்கள் நெடுங்காலமாக அதைக் கையால் செய்து வருகின்றன. மூலவர் திருமேனியைப் பீடத்தோடு சேர்க்கச் சாத்தும் அட்டபந்தனத்தை எண்ணிப் பாருங்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து இளக்கிய மருந்து அது. கல்லைக் கல்லோடு இறுகப் பிடிக்கும், ஆனால் கல்லாகிவிடாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்துவார்கள். நீர் பீடத்துக்குள் இறங்காமல் காக்கும், தன் காலம் முடிந்ததும் விலகி வழிவிடும். இதைவிட நல்ல பாடம் எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும்? பழங்கல் மண்டபத்தின் இடுக்கில் சிமெண்டை அடைப்பவர்களும், சிற்பத்தின் மீது மணலைப் பீய்ச்சி உளித்தடத்தை அழித்தவர்களும் இந்த எட்டுப் பொருளின் அறிவை மறந்தவர்கள். சிமெண்டு சுண்ணச் சுவரின் மூச்சை அடைக்கும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கரைத்து வந்து மேற்பரப்பில் படிகமாக்கும். படிகம் வளர வளர, சாந்தும் அதன் மேலிருந்த ஓவியமும் செதில் செதிலாக உதிரும்.

மலைக்கு வேண்டிய கைகள்

நீலகிரியின் பழம்பொருள்கள் பல மலையை விட்டு இறங்கிவிட்டன. மாவட்டத்தின் முதல் ஆணையர் பிரீக்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த எருமை, பறவை உருவங்கள் அமைந்த சுடுமண் மூடிகள் எழும்பூரில் இருக்கின்றன. இறங்க முடியாதவை இங்கேயே ஈரத்திலும் நம் கவனக்குறைவிலும் கிடக்கின்றன. கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரிலும் வெள்ளரிக்கொம்பையிலும் பாறை ஓவியங்கள் உள்ளன. கரிக்கியூர்ப் பாறையில் மலையேற வந்தவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிச் சென்றார்கள். எங்கள் நடுவட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகளை அடைத்துச் சின்கோனாத் தோட்ட வேலைக்கு விட்ட சிறைக்கட்டடம் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். அந்தக் கைதிகள் தொட்ட சுவரை மழை ஆண்டுதோறும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

சமவெளியில் எழுதிய விதிகள் இந்த மலைக்கு அப்படியே பொருந்தா. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். நடுவட்டத்தில் அந்தக் கோட்டை மழைக்காலம் முழுதும் தாண்டியே வாழ்கிறோம். படத்தைச் சுவரை ஒட்டி மாட்டாமல் விரற்கடை இடைவெளி விடுவது, அலமாரியில் காற்று நடக்க வழி வைப்பது, வெயில் கண்ட நாளில் நிழலில் உலர்த்துவது எல்லாம் மலைவாசிகளுக்குக் கைவந்த பழக்கங்கள். மாணவர் அவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த மலையின் பழங்குடியினரான தோடர்களிடமும் கற்க வேண்டியது உண்டு. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு அவர்கள் எழுப்பும் கோயில், கூரை நைந்ததும் அதே வடிவில், அதே முறையில் மீண்டும் எழும். புல் புதிது, கோயில் பழையது. பொருளின் உண்மை அதன் அணுக்களில் மட்டுமில்லை, செய்முறையிலும் நம்பிக்கையிலும் இருக்கலாம் என்று 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள் ஓர் ஆவணத்தில் ஒப்புக்கொண்டார்கள். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் அது அன்றாட நடைமுறை.

இந்தியாவில் இதைப் படிக்க வழிகள் உண்டு. லக்னோவில் 1976-இல் தோன்றிய தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் பயிற்சி அளிக்கிறது. தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989 முதல் முதுகலைப் படிப்பை வளர்த்தது. ஆனால் 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியும், 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் உள்ள நாடு நம்முடையது. படைக்கக் கற்றுத் தரும் இந்த இடங்களிலேயே காக்கவும் கற்றுத் தரும் துறை வேரூன்ற வேண்டும். ஸ்தபதியின் மகளும் வேதியியல் படித்த தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மேசையில் பஞ்சு நுனியை உருட்டும் நாள் வர வேண்டும்.

பாட்டியின் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. பூஞ்சணத்தை உலர்வாகவே, மென்தூரிகையால் அகற்றினேன். மிஞ்சிய வண்ணத்தின் விளிம்புகளைத் திரும்பப் பிரித்தெடுக்கக்கூடிய பசையால் நிறுத்தினேன். அழிந்த முகத்தை வரைந்து சேர்க்கும் திறமை என் கைக்கு உண்டு. ஆனால் வரைந்தால் அது என் முருகன், பாட்டி கும்பிட்ட முருகன் அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் தாள் ஒன்றை, ஒட்டாமல், சாய்த்து மட்டும் வைத்திருக்கிறேன். அதன் மேல் அந்த இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. தாள் பழையதானால் என் மகள் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம்.