இரண்டு சின்ன ஊர்களும் ஒரு பொது உண்டியலும்

1960 மே 2. இங்கிலாந்தில் பர்ன்லி என்று ஒரு ஊர். மக்கள் தொகை சுமார் 80,000. பருத்தி ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். அன்று அந்த ஊர் கால்பந்து அணி மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்து, இங்கிலாந்து முழுவதற்கும் சாம்பியன் ஆனது.

1961 டிசம்பர் 31. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே. மக்கள் தொகை சுமார் 63,000. அந்த ஊர் அணியான பேக்கர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை 37-0 என்று துவைத்துக் காயப்போட்டு என்.எஃப்.எல். சாம்பியன் ஆனது. (அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்பது வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்து.)

கிட்டத்தட்ட ஒரே அளவு ஊர்கள், ஒரே காலம். ஆனால் அடுத்த முப்பது வருடத்தில் இரண்டின் கதையும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டது. ஏன்? பதில் மைதானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. பர்ன்லி மாதிரி சின்ன ஊர் எப்படி மான்செஸ்டரையும் லண்டனையும் சமாளித்தது? ஒரு முக்கியக் காரணம், வீரர்களின் சம்பளத்துக்கு இருந்த உச்சவரம்பு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. பணக்கார கிளப் கூடுதல் சம்பளம் காட்டி ஆளை இழுக்க முடியாது. இதோடு, லீக் ஆட்டங்களின் டிக்கெட் வசூலில் விருந்தாளி அணிக்கும் ஒரு பங்கு உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சமத்துவத்துக்கு விலை கொடுத்தது யார்? வீரர்கள். அரங்கம் நிரம்பி வழிந்தாலும் அவர்கள் கைக்கு வந்தது அதே 20 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்தது. 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. சீக்கிரமே ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்க ஆரம்பித்தார். நியாயமான வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் சின்ன கிளப்புகளைக் காத்த வேலியை எடுத்தவர்கள், அந்த இடத்தில் வேறு வேலி எதையும் போடவில்லை.

அதே 1961-ல் அமெரிக்காவில் நடந்ததுதான் சுவாரசியம். அதுவரை ஒவ்வொரு அணியும் தன் டிவி உரிமையைத் தானே விற்றுக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் டிவி பார்ப்பவர்கள் எத்தனை, கிரீன் பேயில் எத்தனை? இப்படியே விட்டால் சின்ன ஊர் தாங்காது. முந்தைய வருடம் 33 வயதில் லீக்கின் கமிஷனர் ஆன பீட் ரோசெல் ஒரு யோசனை சொன்னார்: எல்லா அணிகளின் உரிமையையும் மொத்தமாக விற்போம், வரும் பணத்தை ஒரே உண்டியலில் போட்டுச் சமமாகப் பிரிப்போம்.

இதில் அதிகம் இழக்க வேண்டியவர்கள் நியூயார்க் ஜயன்ட்ஸின் உரிமையாளர்களான மாரா சகோதரர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்! எதிரே ஆட ஆள் இல்லாவிட்டால் தன் அணி யாருடன் ஆடும் என்பதுதான் கணக்கு. சாதாரண வியாபாரத்தில் போட்டியாளர் கடையை மூடினால் லாபம். விளையாட்டில் போட்டியாளர் மூடினால் நம் கடையும் மூடும்.

சட்டம் குறுக்கே வந்தது. போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை பேசுவது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 1961 ஜூலையில் ஒரு நீதிபதி தடுத்தார். ரோசெல் அமெரிக்க காங்கிரசின் கதவைத் தட்டினார். செப்டம்பர் 30 அன்று விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். 1962-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி வருடத்துக்கு 46.5 லட்சம் டாலர் தந்தது. 14 அணிகள், ஆளுக்குச் சுமார் 3.3 லட்சம். நியூயார்க்குக்கும் அதேதான், கிரீன் பேக்கும் அதேதான்.

இங்கிலாந்தோ எதிர்த் திசையில் நடந்தது. 1983-ல் விருந்தாளி அணிக்கு வசூலில் பங்கு தரும் வழக்கத்தை நிறுத்தினார்கள். 1992-ல் மேல்தட்டின் 22 கிளப்புகள் தனியாகப் பிரிந்து பிரீமியர் லீக் ஆரம்பித்தன.

பர்ன்லி என்ன ஆனது? 1976-ல் முதல் டிவிஷனை விட்டு இறங்கியது. 1985-ல் நான்காவது டிவிஷன். 1987 மே 9, சீசனின் கடைசி நாள். தோற்றால் லீக்கை விட்டே வெளியே போகும் நிலை. ஓரியண்ட்டை 2-1 என்று ஜெயித்துத் தப்பித்தது. மேல் டிவிஷனுக்குத் திரும்ப 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரீன் பே? 1996, 2010 சீசன்களிலும் சூப்பர் பவுல் கோப்பை அதன் கையில். இன்றும் அந்த அணி பொதுமக்களான பங்குதாரர்களுக்குச் சொந்தம்; டிவிடெண்ட் மட்டும் கிடையாது!

மொத்தக் கணக்கையும் பார்க்கலாம். 1993 முதல் 2025 வரை 33 கோப்பைகள். பிரீமியர் லீக்கில் அவற்றைப் பகிர்ந்துகொண்டவை 7 கிளப்புகள்; மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மட்டும் 13. அதே 33 வருடத்தில் சூப்பர் பவுலை ஜெயித்தவை 15 அணிகள்.

எல்லாப் புகழும் உண்டியலுக்கே என்று சொல்லிவிட முடியாது. என்.எஃப்.எல்.லில் நாக்-அவுட் ஆட்டங்கள் என்பதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். தோற்றாலும் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டாம். கடைசியில் வந்த அணிக்குப் புது வீரர்களில் முதல் தேர்வு என்ற 'டிராஃப்ட்' முறை 1936 முதலே உண்டு. சமப் பணம் இருந்தும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மட்டும் 6 முறை ஜெயித்தது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் ஒரு முறைகூட சூப்பர் பவுலை எட்டியதில்லை. உண்டியல் வாய்ப்பைத்தான் தரும், மூளையைத் தராது.

அமெரிக்க வீரர்களும் சும்மா இருக்கவில்லை. விரும்பிய அணிக்குப் போகும் உரிமைக்காக ஃப்ரீமன் மெக்நீல் என்ற வீரரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1992-ல் ஜெயித்தார்கள். அதன் பிறகு வந்த சமரசத்தில் அணி மாறும் சுதந்திரம் கிடைத்தது. பதிலுக்கு 1994-ல் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் 3.46 கோடி டாலர் என்று உச்சவரம்பு வந்தது. பழைய இங்கிலாந்து வரம்புக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. லீக்கின் வருமானம் ஏறினால் இதுவும் ஏறும். 2024-ல் அது 25.54 கோடி டாலர்.

ஆக, 'சமத்துவம் வேண்டுமா' என்பது பாதிக் கேள்விதான். அதற்கான பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் மீதிப் பாதி. இங்கிலாந்து அதை ஆட்டக்காரர் பையிலிருந்து எடுத்தது. அவர்கள் எழுந்ததும் எல்லாம் சரிந்தது. கிரீன் பே பிழைத்ததற்குக் காரணம், நியூயார்க் முதலாளிகள் தங்கள் பையைத் திறந்ததும்தான். அந்தச் சகோதரர்களுக்கு அதே வருடக் கடைசியில் கிடைத்த பரிசு... 37-0!