மலாயா றெயில்வேயிலிருந்து வளைகுடா வரை: வேலை தேடித் தந்தவர்களின் கதை

எழுபதுகள் வரை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'மலாயன் பென்சனியர்' என்றொரு வகுப்பார் இருந்தனர். சாய்மனைக் கதிரையும் கைத்தடியுமாக, மாதந்தோறும் கடல் கடந்து வரும் ஓய்வூதியத்தை எதிர்பார்த்திருந்த அந்தப் பெரியவர்களை இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பர். அவர்களுள் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் சேவை செய்தவர்கள். அவர்களுக்கு அந்த வேலையைத் தேடிக்கொடுத்தவர் யார்? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால், தொழில்நுட்பம் கற்றவனுக்கும் வேலைக்கும் இடையில் நிற்கும் இடைத்தரகரின் நூற்றாண்டு வரலாறு ஒன்று கிடைக்கிறது.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885 ஜூன் மாதத்தில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் திறக்கப்பட்டது. எட்டு மைல் நீளமான அப்பாதையை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் அழைத்துச் செல்லப்பட்டனர். இலங்கையில் புகையிரதம் ஓடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதை போடவும் பாலம் கட்டவும் கணக்கு வைக்கவும் பழகிய கைகள் இங்கே இருந்தன.

1891இல் சிலாங்கூரின் அரச பொறியியலாளராகச் சென்ற சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர், அதற்கு முன்னர் இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் பணியாற்றியவர். கோலாலம்பூரின் அடையாளமாக இன்றும் நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அவருடைய காலத்தில் எழுந்தது. 1901இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புகையிரத சேவைக்கு அவர் பொது முகாமையாளரானார். தாம் அறிந்திருந்த இலங்கையரை, சிறப்பாக மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலமும் கணிதமும் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞரை, அவர் விரும்பிச் சேர்த்துக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொழும்பிலிருந்து புறப்படும் புகையிரதம் யாழ்ப்பாணத்தை எட்டியது 1905இல்தான். தமது ஊருக்குத் தொடர் பாதை வருமுன்னரே எம்மவர்கள் மலாயாவில் நிலையங்களை நிர்வகிக்கத் தொடங்கிவிட்டனர்.

முதலில் சென்றவர் வேலையில் நிலைத்ததும் தம்பிக்கு எழுதினார். தம்பி மருமகனை அழைத்தார். மருமகன் ஊரவனை அழைத்தான். கப்பல் ஏறியவன் இறங்கும் துறைமுகத்தில் ஒரு மாமன் காத்திருந்தார். வேலை கிடைக்கும்வரை சோறும் படுக்கையும் அவர் பொறுப்பு. அந்த மாமன்தான் அக்காலத்து வேலைவாய்ப்பு முகவர். அவருக்குரிய கட்டணம் நன்றிக்கடன். சிலவேளைகளில் ஒரு கலியாணப் பேச்சு. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்துக்கு 'மணியோடர் பொருளாதாரம்' என்ற பெயர் வந்ததற்கு இம்மாமன்மாரும் ஒரு காரணர். ஆனால் மாமன் எவ்வளவு முயன்றாலும் ஏறமுடியாத படிகளும் இருந்தன. உயர் பதவிகள் ஐரோப்பியருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன.

அந்த ஐரோப்பியப் பொறியியலாளரைத் தேடிக்கொடுத்த நிறுவனம் ஒன்று இலண்டனில் இருந்தது. 1833இல் தோன்றிப் பின்னர் 'கிரவுண் ஏஜென்ற்ஸ்' எனப் பெயர் பெற்ற அந்த அலுவலகம், குடியேற்ற நாடுகளுக்காகத் தண்டவாளம் வாங்கியது; கடன் திரட்டியது; பொறியியலாளரையும் தொழில்நுட்பவியலாளரையும் தெரிவுசெய்து அனுப்பியது. அதன் செலவைக் கொடுத்தவை அந்தந்த நாட்டு அரசாங்கங்கள். வேலைக்குச் சென்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அதற்காகத் தமது வீட்டை ஈடு வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் கதை முழுவதும் இதைச் சுற்றியே செல்கிறது.

1973 ஒக்ரோபரில் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று டொலராக இருந்த எண்ணெய் விலை, 1974இன் தொடக்கத்தில் பன்னிரண்டு டொலர் வரை உயர்ந்தது. வளைகுடா நாடுகளில் சுத்திகரிப்பு ஆலைகளும் மின் நிலையங்களும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் எழுந்தன. பொறியியலாளர், வெல்டர், பைப் பிற்றர், மின்னியலாளர் என எல்லோரும் தேவைப்பட்டனர். 1977இன் பின்னர் இலங்கையில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது, கொழும்பில் முகவரகங்களின் பெயர்ப்பலகைகளும் பெருகின. அதே ஆண்டுகளில் துரித மகாவலித் திட்டத்தின் அணைகள் இங்கே எழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வேண்டிய தேர்ந்த தொழிலாளர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்தனர். தமிழ் இளைஞருக்கு வேறு காரணங்களும் இருந்தன. எழுபதுகளின் தரப்படுத்தல் பொறியியல் பீடத்தின் கதவைப் பலருக்குச் சாத்தியது; 1983 ஜூலை எஞ்சியிருந்தவர்களின் நம்பிக்கையைக் குலைத்தது.

எனது உறவினர் ஒருவர் 1978இல் அவ்வாறு புறப்பட்டவர். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் கற்றவர். தாயார் காணியை ஈடு வைத்துக் கொடுத்த பணத்தைக் கொழும்பிலுள்ள ஒரு முகவரிடம் செலுத்தினார். இங்கே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் மின் தொழில்நுட்பவியலாளர் என்றிருந்தது. அங்கே விமான நிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டவர்கள், மறுநாள் அரபு மொழியில் வேறோர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். சம்பளம் பாதி. வேலை, வடம் புதைப்பதற்குக் குழி வெட்டுவது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர் திரும்பி வந்தபோது காணி இன்னும் ஈட்டில்தான் இருந்தது.

செய்தியாளன் என்ற முறையில் நான் அந்த முகவரின் விலாசத்துக்குச் சென்றேன். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஆணித் துவாரங்கள் மட்டுமே இருந்தன. அன்றிரவே செய்தி எழுதினேன். பின்னர்தான் உறவினர் சொன்னார், அந்த விளம்பரத்தைத் தாம் பார்த்தது நான் வேலை செய்த பத்திரிகையிலேயே என்று. அவர் குற்றம் சாட்டவில்லை. "உங்கட பேப்பரில் வந்ததென்றுதான் நம்பினனான்" என்று மட்டும் சொன்னார். விளம்பரப் பகுதி வேறு, ஆசிரிய பீடம் வேறு என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் பின்னால் வந்தது. 1980ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவரகங்களை ஒழுங்குபடுத்த முனைந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைத் தோற்றுவித்து, அனுமதிப்பத்திரமின்றி முகவரகம் நடத்துவதைக் குற்றமாக்கியது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தினுள் நுழைந்தபோது அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தனர். பாலைவனம் கடந்து ஜோர்தானை அடைந்தவர்களுள் பலரின் கையில் உடுத்திருந்த உடையைத் தவிர எதுவுமில்லை. சர்வதேச தொழில் தாபனம் 1997இல் நிறைவேற்றிய 181ஆம் இலக்கச் சமவாயம், தனியார் முகவரகங்கள் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடலாகாது என்பதைப் பொது விதியாக்கியது.

எரிசக்தி, பொறியியல் துறைகளுக்கென்றே இயங்கும் சிறப்பு முகவரகங்கள் உலகில் இன்று பல உள்ளன. அவற்றின் வருமானம் இரு வழிகளில் வருகிறது. நிரந்தர வேலைக்கு ஒருவரைத் தேடிக்கொடுத்தால், அவரது முதலாண்டுச் சம்பளத்தின் ஒரு பங்கை வேலை கொடுப்பவர் செலுத்துவார். ஒப்பந்த வேலையாயின், நிறுவனத்திடம் நாட்கூலியை வாங்கித் தமது பங்கைக் கழித்து மீதியைப் பொறியியலாளருக்குக் கொடுப்பார்கள். இரண்டிலும் வேலை தேடுபவர் முன்பணம் செலுத்துவதில்லை. கிரவுண் ஏஜென்ற்ஸ் காலத்து முறையே இது. ஆனால் வெல்டருக்கும் பைப் பிற்றருக்கும் அந்த முறை வந்து சேரவில்லை. பட்டம் பெற்றவனைத் தேடிச் செல்லும் நிறுவனம் செலவைத் தானே ஏற்கிறது. கைத்தொழில் கற்றவன் தன் செலவில் தன்னையே விற்கிறான். கிராமத்துக்கு வரும் உபமுகவர் இன்றும் தாயின் நகையைத்தான் பார்க்கிறார்.

2022இன் பொருளாதார நெருக்கடியில், அந்த ஓராண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக இலங்கையை விட்டுச் சென்றனர். மின்துறைப் பொறியியலாளர்களும் அவர்களுள் அடங்குவர். செல்பவர்களைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. புறப்படுமுன் முகவரின் அனுமதிப்பத்திரத்தைப் பணியகத்தில் உறுதிசெய்யுங்கள். தெரியாத மொழியில் உள்ள தாளில் கையொப்பமிடாதீர்கள். பணம் கேட்டால் எதற்கு என்று கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

எனது உறவினர் இப்போது உயிருடன் இல்லை. காணி மீட்கப்பட்டுவிட்டது. அதை மீட்பதற்கு அவருக்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன.