கிரேக்கத் தொன்மத்தின் அரவங்களும் அனந்தன் ஊரும்

பழங்கிரேக்கரின் புகழ்பெற்ற இரு தலங்களின் தோற்றக் கதைகள் பாம்புக் கொலையில் தொடங்குகின்றன. கத்மோசு என்பான் ஏரெசுக் கடவுளின் ஊற்றைக் காத்துநின்ற பாம்பைக் கொன்று, அதன் பற்களை நிலத்தில் விதைத்து, தீப்சு நகரை நிறுவினான். தெல்பியில் அப்பொல்லோ ஒரு பெண்பாம்பை அம்பெய்து வீழ்த்தினான். அதன் உடல் வெயிலில் அழுகியமையால் அவ்விடம் பித்தோ எனப் பெயர்பெற்றது என்று ஹோமரின் பெயரால் வழங்கும் அப்பொல்லோ துதி கூறுகிறது. அழுகுதலைக் குறிக்கும் கிரேக்க வினையோடு ஊர்ப்பெயரைப் பொருத்திக் காட்டும் இவ்விளக்கம் மக்கள் வழக்குச் சொற்பிறப்பாக இருக்கலாம். ஆயினும், ஊர்ப்பெயரில் ஒரு பாம்பின் பிணத்தைக் காண அம்மக்களுக்கு மனம் இருந்தது என்பது கருதத்தக்கது.

இதனைத் திருவனந்தபுரம் என்னும் பெயரோடு வைத்து நோக்கின் வேறுபாடு புலனாகும். இங்கு ஊருக்குப் பெயர் தந்த அனந்தன், சொற்பொருளாலேயே முடிவற்றவன். நம்மாழ்வார் திருவாய்மொழியின் 10ஆம் பத்தில் இத்தலத்தைப் பாடியுள்ளார். இறைவன் அனந்தங்காட்டில் வெளிப்பட்டான் என்பது தலபுராண மரபு. 1686இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின்னர், மார்த்தாண்டவர்மர் (1729–1758) காலத்தில் கடுசர்க்கரைக் கலவையால் புதிதாக அமைக்கப்பட்ட ஏறத்தாழ 18 அடி நீளத் திருமேனி ஐந்தலை அரவின்மேல் பள்ளிகொண்டுள்ளது. 1750 சனவரியில் அம்மன்னர் தம் நாட்டையே இவ்விறைவனுக்கு அளித்துப் பத்மநாபதாசர் ஆனார். ஆங்கிலேயர் வழங்கிய ‘ட்ரிவாண்ட்ரம்’ என்னும் திரிந்த வடிவில் அனந்தன் அடையாளம் தெரியாமல் மறைந்தான். 1991இல் ஊரின் முழுப்பெயர் அரசுமுறையில் மீண்டபோது அவனும் மீண்டான்.

கிரேக்க அரவங்களின் குடிவழியை முறைப்படுத்திக் கூறும் பழைய நூல் ஹெசியட் இயற்றிய ‘தியோகொனி’. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 700. அதில் வரும் எகித்னா பாதி அழகிய மங்கை, பாதி கொடிய பாம்பு. குகையில் வாழ்பவள், மூப்பும் சாவும் இல்லாதவள். அவளுக்கும் டைபோனுக்கும் பிறந்தவற்றுள் லெர்னாச் சதுப்பின் ஹைத்ராவும் ஒன்று. நீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பிற்காலக் கதைகளில், தலையை வெட்டினால் மீண்டும் முளைக்கும் அப்பாம்பை ஹெராக்ளீசு வெட்ட, உடன்வந்த அயோலாவோசு வெட்டிய இடத்தைத் தீயால் சுடுகிறான். டைபோனின் தோள்களில் நூறு பாம்புத் தலைகள். அவற்றின் கண்களில் தீப்பொறி பறக்கும். அவனைச் சியூசு இடியால் வீழ்த்தினான்.

கண்களைப் பற்றிய இக்குறிப்பு வெறும் அணியன்று. பெரும்பாம்பைச் சுட்டும் ‘திராகோன்’ என்னும் கிரேக்கச் சொல், கூர்ந்து பார்த்தலைக் குறிக்கும் ‘தெர்கொமாய்’ வினையோடு தொடர்புடையது. பாம்புக்கு இமைகள் இல்லை. அதன் விழியை ஒளிபுகும் செதில் மூடியிருப்பதால் அது இமையாது நோக்குவதாகத் தோன்றும். இவ்வினையின் மூலத்திலிருந்தே வடமொழியின் ‘த்ருச்’ வேரும், அதன்வழி ‘தரிசனம்’ என்னும் சொல்லும் பிறந்தன. ஒரே வேர்ச்சொல் அங்கே அச்சுறுத்தும் பார்வையாகவும், இங்கே மூன்று வாயில்கள் வழியே பெறும் அனந்தசயனக் காட்சியாகவும் கிளைத்துள்ளது. தமிழிலும் பாம்பின் பெயருள் கண் உண்டு. கட்செவி என்பது கண்ணையே செவியாக உடையது எனப் பொருள்தரும். அதே பொருளுடைய ஒரு கூட்டுச்சொல் வடமொழியிலும் உள்ளது.

கிரேக்கத்தின் ‘ஓபிசு’, வடமொழியின் ‘அகி’ ஆகிய இரண்டும் ஒரு மூலத்தின் வழிவந்தவை. இந்திரன் கொன்ற விருத்திரன் இருக்கு வேதத்தில் அகி எனப்படுகிறான். பாம்பைக் கொன்றான் என்னும் தொடரே இந்தோ-ஐரோப்பியக் கவிதை மரபின் பழஞ்சொத்து என்று கால்வெர்ட் வாட்கின்சு 1995இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அகி என்னும் சொல் தமிழ் அகராதிகளிலும் இடம்பெறுகிறது. ஆனால் கொலைத்தொடர் உடன்வரவில்லை. சங்கப் பாடல்களில் இடி பாம்பை அழிக்கும் செய்தி பல இடங்களில் உண்டு. டைபோன் கதையை அது நினைவூட்டவும் செய்யும். எனினும் அது இயற்கை வருணனையாகவோ பகைவரின் அச்சத்துக்கு உவமையாகவோ நிற்கிறதேயன்றி வீரன் ஒருவனின் செயலாக வளரவில்லை. மலைபடுகடாம் இன்னும் தெளிவான சான்று. களிற்றையே அகப்படுத்தும் மாசுணம், வீழ்ந்து கிடக்கும் மரம்போல் வழியில் கிடக்கும் என்று அந்நூல் கூறுகிறது. அதைக் கண்ட கூத்தர் செய்ய வேண்டுவது வாளை உருவுதல் அன்று, விலகிச் செல்லுதல்.

இவ்வளவில் நிறுத்தினால் கிரேக்கர் பாம்பைக் கொன்றனர், தென்னாட்டார் வணங்கினர் என்னும் எளிய முடிவு கிட்டும். அது பிழை. ஏதென்சு நகரத்து அக்ரொபொலிசுக் கோயிலில் காவற்பாம்பு ஒன்று வாழ்வதாக மக்கள் நம்பினர் என்றும், அதற்குத் திங்கள்தோறும் தேன்பண்ணியம் படைத்தனர் என்றும் ஹெரோடோட்டசு எழுதுகிறார். கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது பண்ணியம் தீண்டப்படாமல் கிடந்தது. தெய்வமே நீங்கிவிட்டது எனக் கருதி மக்கள் நகரைவிட்டு வெளியேற முனைந்தனர். கேரளத்துச் சர்ப்பக்காவுகளை அறிந்தவர்க்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது. தறவாட்டு நிலத்தின் ஒரு மூலை வெட்டப்படாத மரங்களுடன் பாம்புக்கென விடப்படுகிறது. ஆயில்ய நாளில் ‘நூறும் பாலும்’ படைக்கப்படுகின்றன. இங்கு நூறு என்பது எண்ணன்று. பொடி, மாவு எனப் பொருள்படும் பழஞ்சொல். அரிசிமாவு, மஞ்சள்பொடி, பால், இளநீர் முதலியன அப்படையலில் சேரும். காவு அழியின் குடி அழியும் என்னும் நம்பிக்கையும் ஏதென்சு மக்களின் அச்சமும் ஒரே இனத்தவை. காவுகள் வீட்டுமனைகளாகச் சுருங்கிவரும் இக்காலத்தில் அந்நம்பிக்கை சுருங்கிவருவதும் தெரிந்ததே.

ஆயில்யம் என்பதற்கே ஒரு குறிப்பு வேண்டும். கட்செவி என்னும் பெயர் இவ்வொன்பதாம் நாள்மீனுக்கும் உரியது. அதன் விண்மீன்கள், தாலமி தொகுத்த பட்டியலில் ஹைத்ரா எனப்படும் விண்மீன் குழுவின் தலைப்பகுதியில் அமைவன. வேத மரபிலும் அதன் தெய்வம் சர்ப்பங்களே. கிரேக்கர் கதையில் வெட்டுண்ட தலை, தென்னாட்டில் படையல் நாளாக விளங்குகிறது. பாபிலோனியரும் அங்கே ஒரு பாம்பையே கண்டனர். இது கடன்கோடலா, தற்செயலா என்பது தனித்து ஆராயத்தக்கது.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் நாகராசர் கோயிலும் ஈண்டு எண்ணத்தக்கது. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அதைச் சமணத் தலமாகக் காட்டுகின்றன. பாம்புப்படம் கவித்த பார்சுவநாதர் உருவம் தூணில் உள்ளது. சமயம் மாறியபோதும் அரவம் தன் இடத்தைவிட்டுப் பெயரவில்லை.

எனவே, வேறுபாடு இரு மக்களிடையே அமைந்தது என்பதினும், கதைக்கும் வழிபாட்டுக்கும் இடையே அமைந்தது என்பதே பொருந்தும். கதை ஒரு வெற்றியை வேண்டுகிறது. வழிபாடு தொடர்ந்து காக்கும் ஒரு காவலை வேண்டுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது நடைமுறைச் சிக்கலாகிறது. ஹைத்ராவைப் பல தலை நாகம் என்று பெயர்த்தால், கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர் ஹெராக்ளீசை வீரனாக அல்ல, தெய்வக் குற்றம் புரிந்தவனாகவே கொள்ளக்கூடும். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் இதனை உணர்ந்திருந்தனர் போலும்: வெளிப்படுத்தின விசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் திராகோனுக்கு நாகம் என்னாது ‘வலுசர்ப்பம்’ என்று புதுவதாக ஒரு தொடரை அமைத்தனர். வழிபாட்டுச் சாயல் ஏறாத மாசுணம் என்னும் பழஞ்சொல் கிரேக்கக் கதைகளுக்கு இன்னும் நன்கு பொருந்தும். தேன்பண்ணியம் உண்ட ஏதென்சின் காவற்பாம்பை மட்டும் நாகம் என்றே தயக்கமின்றி எழுதலாம்.