புதுக்குடித்தனம் கண்ட சிரிப்பு: சூலியா தெருவும் தமிழ்த் திரையும்

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11 அன்று பினாங்கில் கொடியேற்றியபோது, சோழமண்டலக் கரைத் தமிழர்களுக்கு இந்தக் கடல் புதிதாக இருக்கவில்லை. கெடாவில் அவர்கள் முன்பே வணிகம் செய்து வந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல், லைட் எழுதிய அறிக்கையில் நம் முன்னோரைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. சூலியர்கள் எனப்பட்ட அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே தங்கியிருந்தார்கள். அவர்களில் சிலரே குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலேறி வந்து, உழைத்துச் சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்துக்கு அடுத்த கப்பலில் வேறு ஆட்கள் வந்தார்கள்.

1801இல் காதர் முகைதீன் கப்பித்தானாக (சமூகத் தலைவராக) இருந்து எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நிற்கும் நாகூர் தர்கா, 1833இல் எழுந்த குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில் ஆகிய மூன்றும் அந்த ஆண்கள் வேர்விட்டதன் சான்றுகள். அருகே பினாங்கு தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் வளர்ந்தன. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதினார்கள். கல்யாணமான கையோடு கப்பலேறியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். மனைவி அங்கே பெரிய வீட்டில் இருக்க, கணவன் இங்கே கிட்டங்கியில் இருப்பான். புதுக்குடித்தனம் என்பது அவர்களுக்குக் கடிதத்தில் நடந்த வாழ்க்கை. சூலியா தெருவின் கட்டடங்களுக்குக் கொடுத்த விலையில் அந்தப் பிரிவும் சேர்ந்திருக்கிறது.

ஆகவேதான், புதுமணத் தம்பதியரின் முதலாண்டுத் தடுமாற்றங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தமிழ்ப் படங்களை இம்மலரில் ஒரு வரலாறாகப் பதிவு செய்கிறோம். கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் ஊடுவதையும் கூடுவதையும் திரையில் பார்ப்பது, அந்தக் கூரைக்காகக் காத்துக் கிடந்த மக்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் புராணமே பெரும்பான்மை. கணவன் மனைவி பேச்சை நகைச்சுவையாக்கித் தனி மரபாக வளர்த்த பெருமை என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணைக்கு உரியது. 1936இல் ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனே சென்ற இடத்தில் சந்தித்து மணந்துகொண்டவர்கள் இவர்கள். திரையில் மனைவி கேட்கும் கேள்விக்குக் கணவன் திணறுவதும், திணறலிலேயே அறிவுரை வந்து விழுவதும் இவர்கள் வகுத்த வழி. 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் கைதானார். 1947இல் விடுதலையாகும்வரை மதுரம் அம்மையார் வழக்கையும் நாடகக் குழுவையும் சேர்த்துத் தாங்கினார். திரையில் சிரிக்கவைத்த இல்லறம் நிஜத்திலும் உறுதியாக நின்றது.

புதுமணத் தம்பதியை மையமாக வைத்த முழுநீள நகைச்சுவைப் படங்களில் முன்னோடி என்று ‘சபாபதி’யைச் சொல்லலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் படமாக்கினார்கள். மெய்யப்பன் காரைக்குடி நகரத்தார். நம் கிட்டங்கிக்காரர்களின் மண்ணைச் சேர்ந்தவர். பள்ளிப் பரீட்சையில் தேறாத பணக்காரப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன், படித்த மனைவியாக பத்மா, மண்டு வேலைக்காரனாக காளி என். ரத்தினம், அவருக்கு இணையாக சி.டி. ராஜகாந்தம் நடித்தார்கள். கணவனை மனைவி படிக்கவைத்துத் தேற்றுகிறாள் என்பதே கதை. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலத்தில், வீட்டின் ஆசிரியை மருமகள்தான் என்று அந்தப் படம் சிரித்துக்கொண்டே நிலைநாட்டியது.

‘சபாபதி’ தமிழ்நாட்டில் 1941 டிசம்பர் 14 அன்று வெளியானது. அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 11 அன்று, ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர் மீது குண்டு வீசின. சென்னை சிரித்த வாரத்தில் நம் நகரம் பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணவிடை இல்லை. மலாயாத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் போக நாள் எண்ணியிருந்தவர்கள் இங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அந்த இருண்ட ஆண்டுகளைப் பொறுமையால் கடந்த தலைமுறைக்கு இத்தெரு என்றும் கடன்பட்டது.

போர் ஓய்ந்து ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் ஆட்களோடு படச்சுருள்களும் வந்திறங்கின. ஐம்பதுகளில் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வரவைக் கட்டுப்படுத்தியது. போய்வந்து பிழைக்கும் பழைய முறை இனி நடவாது என்று கண்ட பலர், மனைவியையும் அழைத்து வந்து நிலையாகத் தங்க முடிவெடுத்தார்கள். கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறையில்தான் பல குடும்பங்களின் முதல் அடுப்பு எரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இருமினால் கேட்கும், சிணுங்கினால் கேட்கும், சண்டை போட்டால் ஐந்தடி நடைபாதை வரைக்கும் கேட்கும்.

அந்தக் காலத்துக்கென்றே வந்ததுபோல் 1955 பொங்கலுக்கு ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. எல்.வி. பிரசாத் இயக்கம், ஜெமினி கணேசன், சாவித்திரி. வேலை கிடைக்காத இரு ஆசிரியர்கள் தம்பதி என்று பொய் சொல்லி ஓர் ஊர்ப் பள்ளியில் சேர்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறித்தவப் பெண். நடிப்புக் குடித்தனத்தின் சங்கடங்களுக்குள் உண்மை அன்பு முளைக்கிறது. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் நம் வட்டாரத்துக்கு இந்தக் கதையின் நெருக்கத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1959இல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான ‘கல்யாணப் பரிசு’ காதல் தோல்வியின் கதை. ஆனால் அதற்குள் கே.ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் ஒரு புதுக்குடித்தனத்தையே நடத்திக் காட்டினார்கள். வேலை இல்லாத கணவன் மன்னார் அண்ட் கம்பெனியில் மானேஜர் என்று வீட்டில் பொய் சொல்கிறான். எழுத்தாளர் பைரவன் என்றும் பெருமை அடித்துக்கொள்கிறான். மனைவி நம்புகிறாள், நம்ப நம்பப் பொய் பெருகுகிறது. வேலை தேடி அலைந்த நாட்களை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த ஆண்கள் கடல் கடந்த ஊரில் குறைவா? அந்தச் சிரிப்பில் பலருக்குத் தொண்டை அடைத்திருக்கும். தங்கவேலுவும் சரோஜாவும் வாழ்விலும் தம்பதியானார்கள். மன்னார் அண்ட் கம்பெனி இன்றும் தமிழர் பேச்சில் வழங்குகிறது. 1961இல் ஸ்ரீதரே காஷ்மீரில் எடுத்த ‘தேன் நிலவு’, மறுமணம் செய்த தந்தை மகளையும் கூட்டிக்கொண்டு தேனிலவுக்குப் போகும் கதையால் கலகலப்பூட்டியது.

அறுபதுகளில் மலாய்த் திரை வழியே நம் தீவின் மைந்தரும் இந்த வரிசையில் சேர்ந்தார். 1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லியை, 1950இல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்த தமிழர் அவர். ரம்லியின் ‘மாடு தீகா’ (1964) ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று மனைவியரைச் சமாளிக்கப் பார்க்கும் கணவனின் பாடு. ‘மாசாம் மாசாம் மானிஸ்’ (1965) சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இருந்து சண்டையிடும் இருவரின் காதல். அந்தச் சுவரைப் பலகைத் தடுப்பு வீடுகளில் வாழ்ந்தவர்கள் நன்றாக அறிவார்கள். மலாய்த் திரையின் பொற்காலத்துக்குத் தமிழர் ஒருவர் தோள்கொடுத்தார் என்பது நாம் மார்தட்டிச் சொல்லத்தக்க செய்தி.

1969ஆம் ஆண்டு நம் தெருவுக்கு இரட்டைச் சோதனை. பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. குடியுரிமை பெறாதவர்கள் வேலை உரிமம் பெற வேண்டிய நிலையும் வந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் கடையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். மறுபடியும் பிரிவு. எஞ்சியவர்கள் எழுபதுகளில் கடைகளைக் காத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பினாங்கு ரோட்டில் இருந்த ஒடியன் திரையரங்கு தமிழ், இந்திப் படங்களுக்குத் தாய்வீடாக விளங்கியது.

எண்பதுகள் இவ்வகைப் படங்களின் செழிப்பான பத்தாண்டு. 1982இல் விசு தந்த ‘மணல் கயிறு’, பெண்ணுக்கு எட்டு நிபந்தனை போட்ட மாப்பிள்ளைக்கு நாரதர் நாயுடு முடித்துவைத்த கல்யாணத்தின் விளைவைச் சொன்னது. அடுத்த ஆண்டு ஏவிஎம் தயாரிப்பில் பாக்யராஜ் இயக்கிய ‘முந்தானை முடிச்சு’, கைக்குழந்தையோடு கிராமத்துக்கு வந்த ஆசிரியரை ஒரு துடுக்குப் பெண் பொய் சொல்லி மணந்துகொண்டு பிறகு மனத்தை வென்ற கதை. ஊர்வசி அதில்தான் தமிழுக்கு நாயகியானார்.

1986இல் இரு படங்கள் வந்தன. ஏவிஎம்மின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் ஒரு கிளைக்கதை புதுமணத் தம்பதியுடையது. கணவனுக்கு மனைவியோடு பத்து நிமிடம் தனியே பேச ஆசை. மனைவியோ பரீட்சையில் தவறிக்கொண்டே இருக்கும் கொழுந்தனுக்கு இரவெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நெரிசலான வீட்டில் இளம் தம்பதிக்குத் தனிமை கிடைக்காத துன்பத்தை அவ்வளவு நேராகச் சொன்ன படம் அரிது. சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ விருப்பமின்றி மணந்து தில்லிக்குக் குடிபோன பெண்ணின் கதை. கணவன் என்ன வேண்டும் என்று கேட்க, அவள் விவாகரத்தைக் கேட்கிறாள். மணமாகி ஓராண்டு நிறைய வேண்டும் என்று சட்டம் சொல்ல, அந்த ஓராண்டே அவர்களுக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுக்கிறது. ரேவதியும் மோகனும் அந்த மௌனத்தைச் சிரிப்பும் கோபமுமாக நிறைத்தார்கள். இந்தப் பத்தாண்டில் வீடியோ ஒளிநாடா வந்து, திரையரங்குக்கு வர முடியாத மூத்த பெண்களும் மருமகளோடு உட்கார்ந்து படம் பார்க்கும் வழக்கம் பிறந்தது.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டது. பல தலைமுறையாகக் கடைவீட்டு மாடிகளில் வாழ்ந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் புறநகர் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டில் வந்த ‘அலைபாயுதே’, வீட்டாருக்குத் தெரியாமல் மணந்த மாதவனும் ஷாலினியும் கட்டி முடியாத கட்டடம் ஒன்றில் குடித்தனம் தொடங்குவதைக் காட்டியது. தெருவை விட்டுப் போனவர்கள் தெருவை மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும், கோயில் திருவிழாவுக்கும், தீபாவளிக் கடைக்கும் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, முன்னோர் பட்ட பாட்டுக்கு உலகமே சான்று வழங்கியது.

புதிய தலைமுறைப் படங்களும் மரபை விட்டுவிடவில்லை. ‘ராஜா ராணி’ (2013) பழைய காதலின் காயத்தோடு மணவறை ஏறியவர்களைப் பேசியது. ‘ஓ மை கடவுளே’ (2020) தோழியை மணந்து குழம்பியவனுக்கு இரண்டாம் வாய்ப்பு அளித்தது. ‘குட் நைட்’ (2023) படத்தில் புதுமாப்பிள்ளையின் குறட்டைதான் சிக்கல். மனைவி தூக்கமில்லாமல் கண் சிவந்தும் ஒன்றுமில்லை என்கிறாள். கணவன் குற்ற உணர்வில் வேறு அறையில் படுக்கப் போகிறான். யாரும் கெட்டவர் இல்லாத வீட்டில் அன்பே இடைஞ்சலாக நிற்பதை மணிகண்டனும் மீதா ரகுநாத்தும் அழகாகச் செய்தார்கள். ‘குடும்பஸ்தன்’ (2025) சாதி கடந்து மணந்து, வேலையை இழந்து, அதை வீட்டில் மறைக்கும் இளைஞனைக் காட்டியது. 1959இன் மன்னார் அண்ட் கம்பெனி மானேஜருக்கு அவன் பேரன் முறை.

மருமகளே ஆசிரியை, பொய்யில் தொடங்கினாலும் உண்மையில் முடி, தனிமை கிடைக்காவிட்டாலும் பிரியாதே என்பவை இந்தப் படங்கள் தலைமுறைதோறும் சொல்லிவந்த பாடங்கள். குடும்பத்தோடு சேர்ந்து வாழ ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்த சமூகம் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. இங்கே மணமுடிக்கும் ஒவ்வோர் இளம் தம்பதியும், முதலாண்டுச் சண்டைகளைச் சிரித்துக் கடக்கும்போது, கப்பலேறி வந்த அந்த ஆண்களும் கரையில் காத்திருந்த அந்தப் பெண்களும் விரும்பிக் கிடைக்காத வாழ்வை வாழ்கிறார்கள். அந்த வாழ்வு சிறக்க நம் பள்ளிவாசல்களும் கோயில்களும் சங்கங்களும் துணைநிற்கும், திரையும் துணைநிற்கும். சூலியா தெரு மக்கள் இந்த மரபைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இன்னும் பல விழா மலர்களில் இதைத் தொடர்ந்து எழுதுவார்கள் என்பது நம் உறுதியான நம்பிக்கை.