நுழைவுத் தேர்வும் நம் மாணவரும்

'நுழைவு' என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. 1939ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் பிறந்த ஆலயப் பிரவேசச் சட்டங்களை நம் முன்னோர் அறிவர். திருவரங்கத்துக் கோபுரத்தை வெளியில் நின்றே வணங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளை நோக்கிச் சென்றபோது, அங்கும் ஒரு வாயில் நின்றது. அவ்வாயிலின் பெயர் மதிப்பெண். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாளிலேயே மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வும் தோன்றியது. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. கல்லூரி அருகில் வந்ததேயன்றி, நம் பிள்ளைகள் அதனருகில் செல்ல இயலவில்லை. தொடக்கப் பள்ளித் திண்ணையிலேயே இடம் மறுக்கப்பட்டவனுக்குக் கல்லூரித் தேர்வு ஏது? 1944ஆம் ஆண்டு, வைசிராய் நிர்வாக சபையில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில் பள்ளி இறுதிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கிற்று. அதன் பின்னரே நம்மவர் கல்லூரி வாயிலை எண்ணிப் பார்க்கத் துணிந்தனர்.

அந்நாளில் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. 14 இடங்களில் 2 இடம் அரிசனங்களுக்கு (அரசாணையின் சொல் அதுவே) என அது வகுத்தது. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதெனக் கண்ட சீனிவாசன் என்னும் மாணவர், 450க்கு 369 மதிப்பெண் பெற்றவர், வழக்குத் தொடுத்தார். செண்பகம் துரைராசன் வழக்கும் உடன் நடந்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. 'தகுதி' என்னும் சொல் நமக்கெதிராக நீதிமன்றம் ஏறியது அப்பொழுதிலிருந்தே எனலாம்.

ஆயினும் எழுத்துத் தேர்வை நம் பகையென்று கூறிவிடுதல் முறையன்று. அதனினும் கொடியதொன்று இருந்தது. அதுவே நேர்முகத் தேர்வு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பாட மதிப்பெண் 200 என்றும், நேர்முகத்திற்கு 75 என்றும் வகுத்திருந்த காலம் ஒன்று உண்டு. பெரியகருப்பன் வழக்கில், 1970இல், உச்ச நீதிமன்றம் அம்முறையைக் கண்டித்தது. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியின் உடன்பிறப்பாகிய சீநகர்க் கல்லூரியில், எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்திற்கு 50 என்றிருந்ததையும் அஜய் ஹாசியா வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் என்ன தெரியும்? ஊர் தெரியும், தந்தையின் தொழில் தெரியும், கேட்கத் தெரிந்தவர்க்குச் சாதியும் தெரியும். எண் மட்டும் எழுதிய விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. இந்நன்மையை நாம் மறத்தல் ஆகாது.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு, மேல்நிலை மதிப்பெண்ணோடு தனியாக ஒரு நுழைவுத் தேர்வையும் சேர்த்தது; பள்ளிப் பாடம் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300. பள்ளி இறுதித் தேர்வு பள்ளியில் கற்பிப்பதைக் கேட்டது. புதிய தேர்வோ பள்ளிக்கு வெளியே விலைக்கு விற்கும் பயிற்சியையும் கேட்டது. தில்லை நகரில் பயிற்சி நிலையப் பலகைகள் பெருகியதன் பொருளை நம் மக்கள் நன்கறிவர். 2005லும் 2006லும் தமிழக அரசு இத்தேர்வை நீக்க முயன்று நீதிமன்றத்தில் தோற்றது. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2007இல் நீக்கம் நிலைபெற்றது.

யாவரையும் ஒரே தேர்வால் அளக்கும் கருத்து அமெரிக்காவில் வளர்ந்தது. 1926இல் அங்கு 'சாட்' தேர்வை அமைத்த பிரிகாம், அதற்கு மூன்றாண்டு முன்னர் இனங்களின் அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென்று நூல் எழுதியவர்; 1930இல் தம் முடிவுகளைத் தாமே மறுத்தார். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2021இல் அத்தேர்வைக் கைவிட்டது. தனியார் நிறுவனமாகிய எம்.ஐ.டி.யோ 2022இல் அதனை மீண்டும் கட்டாயமாக்கி, வசதியற்ற பள்ளியிலிருந்து வரும் திறனாளரைக் கண்டறிய அது துணை செய்கிறது என்றது. இரு வாதத்திலும் உண்மையுண்டு. பயிற்சி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே இரண்டிற்கும் நடுவில் நிற்கும் வினா.

இந்தியாவில் 'நீட்' 2013இல் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடுத்த வழக்கில் அவ்வாண்டே வீழ்ந்து, 2016இல் உயிர்பெற்று, 2017இல் தமிழகத்திலும் நடைமுறையானது. முன்னர்த் திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிருந்த அரியலூரின் குழுமூர்ச் சிற்றூர் மாணவி அனிதா, நம் குலத்துச் செல்வி, மேல்நிலையில் 1200க்கு 1176 பெற்றார், நீட்டில் 86. உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, 2017 செப்டம்பர் 1ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழையுடையதென்று மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. தமிழில் பயின்றதே குற்றமாயிற்றோ?

நீதியரசர் ஏ.கே. இராசன் குழு 2021இல் அறிக்கை தந்தது. இரண்டாம் முறையோ மேலும் பலமுறையோ எழுதிச் சேர்ந்தோர் பங்கு 2016-17இல் 12 விழுக்காட்டளவாக இருந்து, 2020-21இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது என்பது அதன் கணக்கு. ஓராண்டு வேலைக்குச் செல்லாது வீட்டிலிருந்து பயில எந்தக் கூலியாளின் மகனால் முடியும்? 1944இன் உதவித்தொகை வாயிலைக் கடந்தவர்க்கே உரியது. வாயிலில் காத்து நிற்கும் ஆண்டிற்கு அது இல்லை. மறுபுறம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்திற்கும் மேல் கட்டணம் செலுத்த வல்லார்க்குத் தகுதிக் கோட்டைத் தொட்டாலே இடம் உண்டு. மேற்படிப்பிற்கோ 2023இல் அக்கோடே சுழி நூற்றுமானத்திற்கு (பெர்சென்டைல்) இறக்கப்பட்டது. தகுதி, தகுதி என்றோர் அன்று எங்கே சென்றனர்?

நீட் விலக்குச் சட்ட முன்வரைவைச் சட்டமன்றம் 2021லும் 2022லும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லையென 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. இடையே, 2020இல், 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. பெரும் உதவியே. ஆனால் திருச்சியிலும் திருவரங்கத்திலும் நம் பிள்ளைகளுள் பலர் பயில்வது அரசு உதவி பெறும் பள்ளிகளில்; அதே தமிழ்வழி, அதே பாடநூல், அதே வறுமை. அவர்களுக்கு இவ்வொதுக்கீடு பொருந்தாது.