சிறுநீர்ப்பையிலிருந்து சிசுவின் குரல்வளைக்கு

லிவர்பூலில் ஜேம்ஸ் கோ என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் இருந்தார். நோயாளியின் சிறுநீர்ப்பைக்குள் தெளிவாகப் படமெடுக்க விரும்பினார். கையிலிருந்த எண்டோஸ்கோப்பில் வெளிச்சம் போதவில்லை. ஒளியியல் அறிஞர் ஹரால்ட் ஹாப்கின்ஸிடம் உதவி கேட்டார்.

அதுவரை குழாய்க்குள் சிறு சிறு லென்ஸுகளை வைத்து, நடுவே நீண்ட காற்றிடைவெளி விடுவார்கள். ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக்கினார். குழாயை நீளமான கண்ணாடித் தண்டுகளால் நிரப்பினார். தண்டுகளுக்கு நடுவிலிருந்த மெல்லிய காற்றடுக்குகள் லென்ஸாக வேலை செய்தன. வெளிச்சம் பல மடங்கு கூடியது. 1959இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிரிட்டனில் தயாரிக்க யாரும் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1965இல் ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊர்க்காரரான கருவித் தயாரிப்பாளர் கார்ல் ஸ்டோர்ஸ்தான் அதன் அருமையைக் கண்டுகொண்டார்.

வெளிச்சம் மிகுந்ததால் குழாயை மெலிதாக்கவும் முடிந்தது. குழந்தைகளுக்கு இக்கருவி கிடைத்த வழி இதுதான்.

பிறந்த குழந்தையின் குரல்நாண்களுக்குக் கீழே மூச்சுப்பாதையின் விட்டம் ஏறத்தாழ 4 மி.மீ. சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினாலே பரப்பில் கால்வாசிதான் மிஞ்சும். பார்க்கப் போகும் கருவியே மூச்சை அடைத்துவிடக் கூடாது. 1897இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் மருத்துவர் குஸ்டாவ் கில்லியன், ஒருவரின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்பை எடுத்தபோது வெறும் குழாய் வழியாகத்தான் பார்த்தார். இன்று 2.7 மி.மீ. டெலஸ்கோப், மூச்சுப்பாதைக்குள் செலுத்தும் பிராங்கோஸ்கோப் என்ற குழாய்க்குள் நுழைகிறது; அதைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஆக்சிஜனும் மயக்க வாயுவும் போகின்றன.

மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தமிடும் சிசுக்களில் பெரும்பாலோருக்கு இருப்பது லாரிங்கோமலேசியா: குரல்வளையின் மேல்பகுதி தொளதொளவென்று உள்ளே சரியும் பிறவிக் கோளாறு. அநேகருக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதைப் பெற்றோரிடம் உறுதியாகச் சொல்ல முடிவதே, என் பார்வையில், இக்கருவி செய்யும் பேருதவி.

ஆனால் இக்கோளாறால் எடை ஏறாமல், பால் குடிக்கத் திணறி, உடல் நீலம்பாரிக்கும் குழந்தையை விட்டுவைக்க முடியாது. முன்பு அத்தகைய குழந்தைகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் டிரக்கியாஸ்டமிதான் பெரும்பாலும் வழி. அந்தக் குழாயில் சளி அடைக்காமல் இரவும் பகலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். இப்போது மயக்கத்திலும் குழந்தையைத் தானாகவே மூச்சுவிடச் செய்து, வாய் வழியாக நுண்கத்தரியையோ லேசரையோ செலுத்துகிறார்கள். குரல்வளையின் மேல்பகுதியில் குறுகி இறுகிய மடிப்புகளை வெட்டித் தளர்த்தி, உள்ளே சரியும் மிகைத் திசுவைக் கொஞ்சமாக நீக்குகிறார்கள். இது சூப்பராகுளோட்டோபிளாஸ்டி. இரு பக்கமும் அளவுக்கு மீறி வெட்டினால் தழும்பு விழுந்து பாதை மறுபடி குறுகலாம் என்பதால், குறைவாக வெட்டுவதே இங்கே கைத்திறன்.