கைநாட்டும் கட்டைவிரல் படமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் பாட்டன்மார் சம்பளப் பேரேட்டில் கைநாட்டு வைத்தவர்கள். அதில் எழுதியிருந்தது இன்னதென்று கிராணி சொன்னதே அவர்கள் அறிந்தது. ஒப்பந்தக் கூலி சேர்ப்பு 1910-இல் நின்றது; கைநாட்டோ நிற்கவில்லை. இன்று பகாவிலும் ரந்தாவிலும் அவர்தம் பேரப்பிள்ளைகள் எழுத்தறிந்தவர்கள். எனினும், கைப்பேசியில் மேலாளர் அறிவிப்பு வந்ததும் முழுதும் படியாமலே கட்டைவிரல் படம் ஒன்றைப் பதித்துவிடுவோர் நம்மில் உண்டு!

தொழிற்குழுக்களில் இவ்விளையாட்டுப் படங்கள் தகுமா என்று சில பெரியோர் முகஞ்சுளிக்கின்றனர். விளையாட்டு என்பதற்காக நாம் அவற்றை வெறுப்பதற்கில்லை. ஓலைச்சுவடியில் இல்லாத வினாக்குறியும் வியப்புக்குறியும் மேல்நாட்டு அச்சோடு வந்தவைதாமே? 1982 செப்டம்பர் 19-இல் அமெரிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறைக்கோடு மூன்றையும் சேர்த்துச் சிரித்த முகம் அமைத்தார். பாதரசம் பற்றிய வேடிக்கை ஒன்றைச் சிலர் மெய்யான அபாய எச்சரிக்கையென நம்பிவிட்டதே காரணம். தோழரிடையே அக்குறி பேருபகாரம்.

கட்டைவிரல் சங்கதி வேறு. ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்திற்கு மறுமொழியாகக் கனடாக் குடியானவர் ஒருவர் அப்படத்தை அனுப்பினார். ஒப்பந்தம் கைக்கு வந்தது என்பதே தம் கருத்தென வாதாடியும் பலிக்கவில்லை. 2023-இல் சஸ்காட்சுவான் நீதிமன்றம் அதையே கையொப்பமாகக் கொண்டு, 82,000 டாலருக்கு மேல் கொடுக்கத் தீர்த்தது. 2024-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

அத்தீர்ப்பு மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆயினும், வேலைநேர மாற்றமோ, வீட்டைக் காலிசெய்யும் உத்தரவோ வருகையில், ‘படித்தேன், சம்மதமில்லை’ என்று எழுத நமக்கென்ன தடை?